பிறை வீட்டைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள்

கேள்வி: காங்கயம் பக்கம் எங்களுக்குத் தோட்டம். பழைய ஓட்டு வீடு ஒழுகுகிறது, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்றிருக்கிறோம். பையன் கோயமுத்தூரில் ஆர்க்கிடெக்சர் முடித்திருக்கிறான். உலகத்தில் இருக்கிற விநோதமான கட்டடப் படங்களை எல்லாம் செல்போனில் காட்டி, நமக்கும் பிறை நிலா வடிவத்தில் வீடு என்று வரைந்து வந்தான். உள்வளைவு மேற்கே பார்த்து, முழுக்கக் கண்ணாடி. என் வீட்டுக்காரரோ, "ஊரே சிரிக்கும். நாலு சுவரும் ஒரு போர்ட்டிகோவும் போதும்" என்கிறார். இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசுவதே குறைந்துவிட்டது. 79 வயது மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். நான் யார் பக்கம் பேசுவது?
- ஒரு வாசகி

பதில்: பையன் பக்கம் பேசுங்கள் அம்மணி. ஆனால் அந்த வரைபடத்துக்கு இப்போதே சரி சொல்லிவிடாதீர்கள்.

ஊர் சிரிக்கும் என்ற பயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். செக் நாட்டின் பிராக் நகரத்தில், ஆற்றங்கரையில், ஒரு ஆணும் பெண்ணும் இடுப்பை வளைத்து ஆடுவது போல ஒரு கட்டடம் இருக்கிறது. பையன் கட்டாயம் காட்டியிருப்பான். 1996-ல் கட்டி முடித்தபோது, பழமையான ஊரில் இது என்ன அலங்கோலம் என்று பலர் சண்டைக்கு வந்தார்கள். பிற்பாடு அதே நாட்டு மைய வங்கி அந்தக் கட்டடத்தைத் தங்க நாணயத்தில் பொறித்தது. புதுசாக ஒன்றைப் பார்த்தால் ஊர் நாலு நாள் பேசத்தான் செய்யும். அதற்காக ஒரு பிள்ளை படித்த படிப்பை மூட்டை கட்டி வைக்க முடியாது.

ஆனால் அது ஆபீசுக்கும் ஹோட்டலுக்குமான கட்டடம். நீங்கள் கட்டுவது குடியிருக்க. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் கனசதுரங்களைச் சாய்த்து, முனையில் நிற்க வைத்தது போல வரிசையாக வீடுகள் இருக்கின்றன. பீட் ப்ளோம் என்ற கட்டடக் கலைஞர் கட்டியது, 1984-ல் முடிந்தது. பார்க்க அவ்வளவு அழகு. ஒவ்வொரு வீடும் ஏறக்குறைய 1,100 சதுர அடி, அதில் கால்வாசி இடம் சாய்ந்த சுவரால் புழங்க முடியாமல் போகிறது. அங்கே குடியிருப்பவர்கள் அதைத் தெரிந்தே விரும்பி வந்தவர்கள். உங்கள் மாமியார் அப்படியா?

இதை நான் நேரில் கண்டிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், பெருந்துறைப் பக்கம் ஒரு வீட்டுக்கு 12 அடி விட்டத்தில் உருண்டையாகப் படுக்கையறை கட்டினேன். இரண்டு வருடம் கழித்துப் போனபோது அந்த வீட்டம்மா பீரோவுக்குப் பின்னால் ஒட்டடைக் குச்சியை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். பேரனின் பந்து விழுந்துவிட்டது. 4 அடி பீரோவின் இரண்டு முனையும் சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்க, நடுவில் 4 அங்குலம் சந்து. அதில் பந்து, சீப்பு, பல்லி முட்டை, தூசி. அவர் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்றைக்கு மனசு சரியில்லை. அதே பீரோவை 40 அடி ஆரமுள்ள வளைவில் வைத்தால் சந்து அரை அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். வளைவு தப்பில்லை, அது எவ்வளவு பெரிய வளைவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பையன் வரைந்த வளைவின் ஆரம் என்ன என்று கேளுங்கள்.

அப்புறம் அந்தக் கண்ணாடி. இதில் மட்டும் நான் உங்கள் வீட்டுக்காரர் பக்கம். லண்டனில் உள்வளைந்த கண்ணாடி முகப்போடு ஓர் உயரமான கட்டடம் எழும்பியது. 2013-ல் அது வெயிலைக் குவித்துத் தெருவில் அடிக்க, அங்கே நிறுத்தியிருந்த காரின் பாகங்கள் உருகின. பிறகு வெளியே வெயில் தடுப்பு மாட்டினார்கள். அது லண்டன் வெயில். சித்திரை மாதம் காங்கயத்தில் சாயங்காலம் நாலு மணிக்கு மேற்கே பார்த்த கண்ணாடி என்ன செய்யும் என்று யோசியுங்கள். ஒற்றை மாடி வீட்டுக்குக் கார் உருகாது. ஆனால் வாசலில் வெறுங்காலோடு நிற்க முடியாது, உள்ளே ஏசி ஓடிக்கொண்டே இருக்கும்.

இதற்காகப் பிறையைக் கைவிட வேண்டாம். திருப்பிப் போட்டால் போதும். முதுகு மேற்கே, உள்வளைவு கிழக்கே. மேற்குச் சுவரில் ஜன்னலைக் குறைத்து, செங்கல்லைக் குத்தவைத்து நடுவில் காற்றுச் சந்து விட்டுக் கட்டச் சொல்லுங்கள். ராட் டிராப் கட்டு என்பார்கள். செங்கல் கால்வாசி மிச்சம், அந்தச் சந்து வெயிலையும் தடுக்கும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று வளைந்த முதுகில் பட்டு இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போகும். கிழக்கே உள்வளைவு வாசலை அணைத்துக்கொண்டு நிற்கும். நெல்லைக் காயப்போட்டாலும் தூசி பறக்காது, மத்தியானத்துக்கு மேல் நிழலும் விழும். நம் தொட்டிக்கட்டு வீட்டில் நாலு பக்கமும் சூழ்ந்த வாசல் என்ன செய்ததோ, அதில் பாதியை இது செய்யும். உங்கள் வீட்டுக்காரருக்கு இந்த மொழியில் சொன்னால் புரியும். அவர் பிறந்து வளர்ந்த வீட்டைப் பற்றித்தானே பேசுகிறோம்.

அந்த மொத்தப் பிறையையும் ஒரே மையத்திலிருந்து வரையச் சொல்லுங்கள். சிட்னி ஓபரா ஹவுஸுக்கு முதலில் போட்ட கணக்கு 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர், 1973-ல் திறந்தபோது ஆன செலவு 10 கோடியே 20 லட்சம். சிப்பி போல நிற்கும் அதன் பெரிய கூரைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வளைவாக இருந்தவரை எப்படிக் கட்டுவது என்றே பிடிபடவில்லை. எல்லாக் கூரைகளையும் ஒரே உருண்டையிலிருந்து வெட்டி எடுத்ததாக வைத்துக்கொண்ட பிறகுதான், ஒரே மாதிரி அச்சுகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடிந்தது. உங்கள் மேஸ்திரிக்கும் அதே கதைதான். ஒரு முளை, ஒரு கயிறு, ஒரே சென்ட்ரிங் பலகை என்றால் தைரியமாக இறங்குவார். இடத்துக்கு இடம் வளைவு மாறினால் கூலி எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

முடிந்தால் அப்பாவும் பையனும் ஒரு தடவை திருவனந்தபுரம் போய் வரட்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. சிவப்பு நிறத்தில் சுருள் போல மேலே ஏறும். உள்ளே மாடிப்படி கிடையாது, சாய்தளமாகச் சுற்றிச் சுற்றிப் போகும். சுவரோரமாகவே பெஞ்சும் மேசையும் சேர்த்துக் கட்டியிருப்பார். தரை சாய்வு, மேசை மட்டம். காபி தளும்பாது. சுவரில் விட்ட ஓட்டைகள் வழியாகக் காற்று வந்துகொண்டே இருக்கும். சின்ன இடத்தில் நிறையப் பேர் உட்கார வேண்டும் என்பதற்காக வந்த வடிவம் அது. ஒரு காபி குடிக்கிற நேரம் அங்கே உட்கார்ந்தால், பையன் சொல்ல நினைத்து முடியாமல் போனது அப்பாவுக்கு விளங்கும்.

வீட்டில் கை வைக்கும் முன் கிணற்று மேட்டில் ஒரு மோட்டார் ரூமைப் பையன் இஷ்டப்படி கட்ட விடுங்கள். செலவு கம்மி. ஒரு ஐப்பசி மழையில் ஒழுகுகிறதா என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் எல்லோருடைய ஆசையும் இருக்கிறது, மாமியார் என்ன நினைக்கிறார் என்பது மட்டும் இல்லை. பையனை ஒரு நாள் அவனுடைய அப்பத்தாவோடு வாசலில் உட்கார வையுங்கள். விடியற்காலையில் எழுந்ததும் அவருக்கு என்ன தெரிய வேண்டும், கட்டுத்தரையா, வேப்பமரமா? ராத்திரி எழுந்தால் எத்தனை எட்டில் பாத்ரூம்? அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, அவர் கட்டில் போடும் இடத்தை முதலில் வரையட்டும். பிறையை அதைச் சுற்றி வரைந்துகொள்ளலாம்.