கனடா டிவிடி மட்டும் கறுப்பு வெள்ளையா?
வெள்ளவத்தை அண்ணா, கனடாவிலயிருந்து வந்த கலியாண டிவிடி மட்டும் பழைய ரீவியில கறுப்பு வெள்ளையா ஓடுது, கொழும்பில வாங்கின டிஸ்க் எல்லாம் கலரில வருது எண்டு எழுதியிருந்தீங்கள். அப்ப பிளேயரில பிழையில்லை. லென்ஸைத் துடைச்சு மினக்கெடாதேங்கோ. அங்கத்தைய டிஸ்க் ‘என்டிஎஸ்சி’ எண்ட வீடியோ முறையில பதிஞ்சது: படத்துக்கு 525 கோடு, செக்கனுக்கு ஏறத்தாழ 30 படம். எங்கட ‘பால்’ முறையில 625 கோடு, 25 படம். கலரை அனுப்புற விதமும் வேற, அதான் உங்கட ரீவிக்குப் பிடிபடேல்லை.

டிஸ்கை வெளியில எடுத்துப்போட்டு, ரிமோட்டில செட்டப்பை அமத்தி, ரீவி டைப்பை ‘மல்டி’யிலயிருந்து ‘பால்’ எண்டு மாத்துங்கோ. (சில பிளேயரில டிஸ்க் உள்ள இருந்தா அந்த வரி மங்கலாவே கிடக்கும். அதோட நான் அரை மணித்தியாலம் மல்லுக்கட்டினனான்.)

ரீஜன் கோட் (எந்தப் பகுதிப் பிளேயரில டிஸ்க் ஓடலாம் எண்ட பூட்டு) எண்டு கடைக்காரர் வெருட்டினா நம்பாதேங்கோ. அது பிழையெண்டா படமே ஓடாது.