வாசகர் கேள்வி பதில்: கழற்றிப் பூட்டும் லைற்

கொக்குவிலில் வாகன வயரிங் வேலைக்கு நான் வந்து 37 வருடம் ஆகிறது. ஐப்பசி மழை தொடங்கினால் கராஜிலும் லைற் வேலை, கடிதங்களிலும் லைற் கேள்விதான். இந்தமுறை வந்த முதல் கடிதத்தை வாசித்ததும் மனம் நிறைந்தது. அதனால் அதற்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

ஐயா, நான் அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிறேன். இறுதியாண்டு வேலையாக, ஓட்டோ, பட்டா என்ற சிறு லொறி, உழவு இயந்திரம் இழுக்கும் பெட்டி மூன்றுக்கும் பூட்டக்கூடிய ஒரே பின் லைற்றை எல்.ஈ.டி.யில் செய்ய நினைக்கிறேன். பழுதான பகுதியை மட்டும் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். எங்கே தொடங்குவது?
மாணவி, உரும்பிராய்

பிள்ளை, எல்.ஈ.டி.யில் தொடங்க வேண்டாம். ஆணி போகும் துளையில் தொடங்குங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில்தான் நான் வேலை பழகினேன். பெற்றோல் இல்லை. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. பற்றரி கிடைக்காது, சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் றேடியோ கேட்டோம். புது ஹெட்லைற்றைக் கண்ணாலும் காணவில்லை. அப்படி இருந்தும், ஹெட்லைற் இல்லை என்று எங்கள் கராஜில் ஒரு காரும் கிடந்ததில்லை. மைனரும் ஏ40உம் லான்ட் ரோவரும் ஒரே 7 அங்குல வட்ட லைற்றைத்தான் போட்டிருந்தன. ஓடாமல் கிடந்த ஒன்றில் கழற்றி, ஓடுகிற ஒன்றில் பூட்டுவோம். கால் மணித்தியால வேலை.

அமெரிக்காவில் 1940இல் கார்களுக்கெல்லாம் பொதுவாக்கிய அளவும் இதே 7 அங்குலம்தான். அன்று உள்ளே இருந்தது இழை பல்ப். பிறகு ஹலோஜன் வந்தது. இன்று அதே வளையத்துக்குள் எல்.ஈ.டி. உட்காருகிறது. உள்ளே இருப்பது மூன்று தலைமுறை மாறிவிட்டது, வளையம் மாறவில்லை. உங்கள் வேலைக்கும் அப்படி மாறாத ஒன்று வேண்டும். ஆணிகளுக்கு இடையிலான தூரம், சொக்கற்றின் வகை, வெளிச்சுற்று அளவு ஆகிய மூன்றையும் முதல் வாரத்திலேயே எழுதி வைத்துவிட்டு, பிறகு தொடாதீர்கள். ஆணி 6 மில்லிமீற்றர் போதும். அதற்கான பத்தாம் நம்பர் சாவி இல்லாத ஓட்டோக்காரர் யாழ்ப்பாணத்தில் இல்லை. விசேஷச் சாவி கேட்கும் ஆணியைப் போட்டால், கழற்றலாம் என்ற உங்கள் எண்ணமே வீணாகிவிடும்.

அடுத்தது, எந்த இடத்தில் துண்டு பிரிப்பது? வரைதாளில் அழகாகத் தெரியும் இடத்தில் அல்ல, பழுது வரும் இடத்தில் பிரிக்க வேண்டும். என் மேசைக்கு வந்த பின் லைற்றுகளில் எல்.ஈ.டி. தானாகச் செத்தது மிகக் குறைவு. அதிகம் கெடுவது சொக்கற்றும், மின் பற்றரிக்குத் திரும்பிப் போகும் ஏர்த் வயரும். அடுத்தது உள்ளே தண்ணீர். அதற்கடுத்தது கண்ணாடி உடைவது. கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர அது சிவப்புப் பிளாஸ்டிக் மூடிதான். ஆகவே மூடி ஒரு துண்டு, எல்.ஈ.டி. பூட்டிய பலகை ஒரு துண்டு, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவர் சுற்று ஒரு துண்டு, வாலில் சொக்கற்றோடு ஒரு அடி வயர் இன்னொரு துண்டு. அந்த வால்தான் முதலில் கெடும், அதனால் அதுதான் ஆகச் சுலபமாகக் கழர வேண்டும். கடையில் கிடைக்கும் பல லைற்றுகளில் வயர் பசைக்குள் புதைந்திருக்கிறது. வெளியே கறள் பிடித்தால் முழு லைற்றும் குப்பைக்குப் போகிறது. இதைக் காணும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வரும்.

கணக்குக்கு வருவோம். 12 வோல்ற் வாகனம் என்று சொன்னாலும், எஞ்சின் ஓடும்போது 14.4 வரை ஏறும். மூன்று சிவப்பு எல்.ஈ.டி.யைத் தொடராகப் பூட்டினால் ஏறக்குறைய 6.3 வோல்ற் போகும். 12 வோல்ற்றை வைத்துக் கணக்குப் போட்டு 20 மில்லியம்பியருக்கு 285 ஓம் றெசிஸ்டர், அதாவது மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் தடை, போடுகிறீர்கள் என்று வைப்போம். எஞ்சின் ஓடும்போது 28 மில்லியம்பியர் ஓடும், அதாவது நாற்பது வீதம் கூட. 390 ஓம் போட்டால் 14.4இல் 21க்குக் கிட்டவும், எஞ்சின் நின்றிருக்கும்போது 15க்குக் கிட்டவும் ஓடும். வெளிச்சம் கொஞ்சம் குறையும், ஆனால் லைற் உயிரோடு இருக்கும். பட்டாவை விட்டுப் பெரிய லொறிக்கும் பஸ்ஸுக்கும் போக நினைத்தால் அங்கே 24 வோல்ற், ஓடும்போது 28. அதற்கு 9இலிருந்து 32 வோல்ற் வரை தாங்கும் டிரைவர் சுற்றைத் தனித் துண்டாக வைத்துக்கொண்டால் பலகையை மாற்றத் தேவையில்லை. ஓடும் எஞ்சினில் பற்றரி வயர் கழன்றால் ஒரு கணத்துக்குப் பல பத்து வோல்ற் பாயும். அதைத் தடுக்கும் டையோடையும், வயரை மாற்றிக் கொடுத்தால் காப்பாற்றும் டையோடையும் செலவு பார்த்து விட்டுவிடாதீர்கள். எல்.ஈ.டி.களை ஒரே தொடராகக் கட்டவும் வேண்டாம். ஒன்று போனால் எல்லாம் அணையும். மூன்று மூன்றாகப் பிரித்தால் ஒரு வரிசை போனாலும் மற்றவை எரியும்.

சூடு. பழைய பல்ப் தன் சூட்டைக் கண்ணாடி வழியாக முன்னுக்கு வீசிவிடும். எல்.ஈ.டி.யின் சூடு பின்பக்கமாகத்தான் இறங்கும். இறங்க வழி இல்லாவிட்டால், சிவப்பு எல்.ஈ.டி. சூடேறச் சூடேற மங்கும். யாழ்தேவி வரும் நேரம் கடவையில் பிறேக்கை மிதித்தபடி நிற்கும் லொறியை நினைத்துப் பாருங்கள். பங்குனி வெயில், காற்றோட்டமும் இல்லை. உங்கள் லைற் அந்தப் பத்து நிமிடத்தைத் தாங்க வேண்டும். பலகைக்குப் பின்னால் அலுமினியத் தகடு வைத்து, அதை நேரே வண்டியின் இரும்போடு தொடுமாறு பூட்டுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் நான் ஒருமுறை அடிபட்டேன். ஒரு மினிபஸ்ஸுக்குப் பின் லைற் செய்து, காற்றே புகாதபடி சிலிக்கன் பசையால் மூடிக் கொடுத்தேன். இரண்டு மாத மழையில் உள்ளே அரை அங்குலத் தண்ணீர். எங்கே ஓட்டை என்று தேடித் தேடிப் பார்த்தேன், வெளியே தெரியும்படி ஒன்றும் இல்லை. பிறகுதான் விளங்கியது. லைற் சூடாகும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து எப்படியோ கசிந்துவிடுகிறது. மழை விழுந்து சட்டென்று குளிரும்போது உள்ளே வெற்றிடம் மாதிரி ஆகி, மயிரளவு இடைவெளியாலும் தண்ணீரை உறிஞ்சுகிறது. ஆகவே ஒன்றில் பலகையை முழுவதும் ரெசினுக்குள் புதைக்க வேண்டும், அல்லது அடிப்பக்கத்தில் மூச்சு விட ஒரு சிறு துளை வைக்க வேண்டும். புதைத்தால் பழுது பார்க்க ஏலாது. எனக்குத் துளைதான் பிடிக்கும்.

கடைசியாக, பிறேக் வெளிச்சம் சாதாரணப் பின் வெளிச்சத்தைவிடக் குறைந்தது ஐந்து மடங்காவது இருக்க வேண்டும். பழைய பல்ப்பில் 5 வாற், 21 வாற் என்று இரண்டு இழை வைத்ததும் இதற்காகத்தான். பின்னால் வருபவருக்கு வித்தியாசம் தெரியாவிட்டால் பிறேக் லைற் இருந்தும் பயன் இல்லை. செய்து முடித்ததும் கராஜுக்குக் கொண்டு வாருங்கள். ஓட்டோவிலும் பெட்டியிலும் பூட்டிப் பார்ப்போம்.

லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டிக்கு லைற் பூட்டினால் வயலில் உடைகிறது, செங்கல் ஏற்றும்போது உடைகிறது. இரவில் ஏ9 வீதியில் ஏறப் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
விவசாயி, மிருசுவில்

அண்ணை, உங்கள் பயம் சரியானது. என் மைத்துனரின் பெட்டியில் ஒரு மாலை நேரம் பின்னால் வந்த வான் அடித்தது. அவருக்கு இன்றைக்கும் ஒரு கால் சரியாக மடங்காது. பெட்டியில் ஒரு சிவப்பு வில்லை கூட இருக்கவில்லை.

லைற்றைப் பெட்டியில் நிரந்தரமாகப் பூட்ட வேண்டாம். நாலு அடிப் பலகை ஒன்றின் இரு முனையிலும் எல்.ஈ.டி. பின் லைற்றைப் பூட்டி, இரண்டு கொழுக்கியால் பின் கதவில் கொளுவுங்கள். வயலுக்குப் போகும்போது கழற்றி வீட்டில் வைக்கலாம்.

மின்சாரத்துக்கு லான்ட்மாஸ்டரை நம்ப வேண்டாம். பற்றரி இல்லாத எஞ்சினில் வேகம் ஏறினால் வோல்ற்றும் ஏறும், இறங்கினால் மங்கும். 12 வோல்ற், 7 அம்பியர் மணி மோட்டார் சைக்கிள் பற்றரி ஒன்றைப் பலகையோடு சேர்த்துப் பெட்டியில் வையுங்கள். 5 வாற் பல்ப் இரண்டு என்றால் அது எட்டு மணித்தியாலத்துக்குள் தீர்ந்துவிடும். ஒவ்வொரு வாற் எல்.ஈ.டி. இரண்டு என்றால் கணக்குப்படி நாற்பது மணித்தியாலம் போகும். பாதியை நம்பினாலும் ஒரு கிழமைக்கு மேல் காணும்.

நாலு சில்லு உழவு இயந்திரத்தில் இழுப்பதென்றால் ஏழு ஊசிச் சொக்கற் போடுங்கள். அதன் வயர் நிறங்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு: மஞ்சள் இடது சிக்னல், பச்சை வலது சிக்னல், வெள்ளை ஏர்த், சிவப்பு பிறேக், கறுப்பு இடது பின் லைற், மண்ணிறம் வலது பின் லைற். நீலம் பனி லைற்றுக்கு, அது உங்களுக்குத் தேவைப்படாது. இந்த ஒழுங்கில் பூட்டினால் அயல் வீட்டுக்காரரின் இயந்திரத்திலும் உங்கள் பலகை எரியும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: பெட்டியின் பின் மூலை இரண்டிலும் சிவப்பு ஒளித்தெறி வில்லை பூட்டுங்கள். அதற்குப் பற்றரியும் வேண்டாம், வயரும் வேண்டாம்.

அப்பப்பாவின் மொறிஸ் மைனருக்கு வாங்கிய எல்.ஈ.டி. ஹெட்லைற் எரியவே இல்லை. பழைய பல்ப் நன்றாக எரிகிறது. லைற் பழுதா?
வாசகர், நல்லூர்

பழுது என்று எறிந்துவிட வேண்டாம், தம்பி. முதலில் பற்றரியைப் பாருங்கள். அந்தக் காலத்து மைனரில் பற்றரியின் நேர் முனைதான் பொடியோடு, அதாவது காரின் இரும்பு உடலோடு, ஏர்த் ஆகியிருக்கும். இன்றைய வாகனங்களில் எதிர் முனை. பல்ப்புக்கு எந்தப் பக்கத்தால் மின் வந்தாலும் ஒன்றுதான், எல்.ஈ.டி.க்கு அப்படி அல்ல. முழுக் காரையும் எதிர் ஏர்த்துக்கு மாற்றலாம். பற்றரி வயர்களையும் கொயில் வயர்களையும் இடம் மாற்றி, டைனமோவையும் புதுத் துருவத்துக்குப் பழக்க வேண்டும். பழைய டைனமோவைக் கையாண்ட ஒருவரிடம் கொடுத்துச் செய்விப்பது நல்லது. மாற்ற மனமில்லை என்றால் ஹலோஜனோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதுவும் வடிவாக எரியும்.

மீன் ஏற்றும் பட்டா. வருடத்தில் மூன்று தரம் பின் லைற் மாற்றிவிட்டேன்.
சாரதி, ஊர்காவற்றுறை

பண்ணைப் பாலத்து உப்புக் காற்றும் ஐஸ் தண்ணீரும் சேர்ந்தால் பொடியை நம்பி ஏர்த் கொடுக்கவே கூடாது. ஒவ்வொரு லைற்றுக்கும் தனி ஏர்த் வயர் இழுத்துப் பற்றரிவரை கொண்டு போங்கள். சொக்கற் கீழே பார்க்க இருக்கட்டும். அதற்கு முன் வயர் ஒரு தரம் தாழ்ந்து வளைந்து ஏறினால் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். சொக்கற் ஊசிகளில் கொஞ்சம் வஸலின் பூசுங்கள். எவர்சில்வர் ஆணியை அலுமினியத்தில் நேரே முறுக்கினால் உப்பில் அலுமினியம் அரிபட்டுப்போகும். இடையில் பிளாஸ்டிக் வாசர் போடுங்கள். மூன்று லைற்றுக்குக் கொடுத்த காசில் இதெல்லாம் செய்துவிடலாம்.

ஸ்கூட்டிக்கு எல்.ஈ.டி. சிக்னல் போட்டதும் படபடவென்று அடிக்கிறது.
ஆசிரியை, சுன்னாகம்

சிக்னலை விட்டு விட்டு எரிய வைக்கும் பழைய பிளாஷர், பல்ப்பின் மின்னோட்டத்தை வைத்துத்தான் நேரம் கணக்கிடும். எல்.ஈ.டி. குறைவாக இழுப்பதால் ஒரு பல்ப் போய்விட்டது என்று எண்ணி வேகமாக அடிக்கிறது. எல்.ஈ.டி.க்கான பிளாஷரை மாற்றுங்கள், ரீச்சர். றெசிஸ்டர் பூட்டித் தருகிறோம் என்பார்கள். அதுவும் சரிவரும், ஆனால் கையைச் சுடும் அளவுக்குச் சூடாகும். பிளாஸ்டிக்கோடு ஒட்ட விடாதீர்கள்.

எதிரே வருபவர்கள் எல்லாம் எனக்கு லைற் அடித்துக் காட்டுகிறார்கள். நான் டிம்மில்தான் ஓடுகிறேன்.
வாசகர், நெல்லியடி

ஹெட்லைற் கண்ணாடியில் வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா பாருங்கள். அதற்குக் கிட்ட, முன்னால் நின்று பார்க்கும் உங்களுக்கு வலப்பக்கம் காட்டும் அம்புக்குறி இருந்தால் அது நம்மைப் போல இடப்பக்கம் ஓடும் நாட்டுக்குச் செய்தது. இரு பக்கமும் காட்டும் அம்பு என்றால் இரண்டுக்கும் மாற்றிப் பாவிக்கலாம். அம்பே இல்லாவிட்டால் வலப்பக்கம் ஓடும் நாட்டுக்குரியது, டிம்மில் போட்டாலும் எதிரே வருபவரின் கண்ணில்தான் தூக்கி அடிக்கும். அதை மாற்றத்தான் வேண்டும்.

அம்பு சரி என்றால் மட்டம் பாருங்கள். சமதரையில் சுவருக்கு 10 மீற்றர் தள்ளி வாகனத்தை நிறுத்தி, லைற்றின் நடு உயரத்தைச் சுவரில் சோக்கால் கீறுங்கள். டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 10 சென்ரிமீற்றர் கீழே விழ வேண்டும். வழக்கமாக ஏற்றும் ஆட்களையும் சுமையையும் ஏற்றிக்கொண்டு பாருங்கள். வெறும் வாகனத்தில் சரியாக இருக்கும் லைற், பின்னால் பாரம் ஏறியதும் மேலே தூக்கிவிடும்.