லிங்க்ட்இன் வேலை வாங்கித் தருமா? கடலூர், புதுவைக் கேள்விகளுக்குப் பதில்கள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் உள்ள மருந்து, இரசாயன ஆலைகளின் மனிதவளப் பிரிவில் 19 ஆண்டுகள் பணியாற்றி, ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களைத் திறந்தும் திறக்காமலும் கடந்து வந்தவள் என்ற தகுதியில், வேலை தேடலுக்கும் தொழில்முறை அறிமுகங்களுக்குமான இணையதளமான லிங்க்ட்இன் பற்றி வந்த இக்கேள்விகளுக்கு விடை எழுதுகிறேன். ‘திறக்காமலும்’ என்று எழுதியது கைப்பிழை அன்று.

கேள்வி (கடலூர் முதுநகர், பி.எஸ்சி. வேதியியல்): மேடம், ஏழு மாதங்களில் லிங்க்ட்இன் வழியாக 300க்கும் மேற்பட்ட வேலைகளுக்கு விண்ணப்பித்துவிட்டேன். ஒரு நிறுவனமும் அழைக்கவில்லை. குறை என்னிடமா, அந்தத் தளத்திலா?

பதில்: நீங்கள் போய் நின்ற வரிசையில்தான் குறை. தளத்திலேயே விரைவாக விண்ணப்பிக்க உதவும் ‘ஈஸி அப்ளை’ பொத்தான் உங்களுக்கு எவ்வளவு எளிதோ, அதே அளவுக்கு நாட்டில் உள்ள அனைவருக்கும் எளிது. ஒருமுறை தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் ஒரு பணியிடத்தை அறிவித்தோம். மறுநாள் காலை நான் கணினியைத் திறந்தபோது நானூறுக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் காத்திருந்தன. கட்டட மேற்பார்வையாளர், வங்கி விற்பனைப் பிரதிநிதி, சமையற்கலை படித்தவர் என்று வேதியியலுக்கு எவ்விதத் தொடர்பும் இல்லாதவர்களும் அவற்றில் பலர். முதல் அறுபதைப் படிப்பதற்குள் நேர்காணலுக்கு வேண்டிய எட்டுப் பேர் கிடைத்துவிட்டார்கள். எஞ்சியவை திறக்கப்படவேயில்லை. அவற்றில் இவர்களைவிடத் தகுதியானவர்கள் இருந்திருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

ஆனால் அதே தளத்தில் நாங்களே ஆட்களைத் தேடிப் போவதும் உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. தேடற்பெட்டியில் ‘எச்.பி.எல்.சி.’ (வேதிப்பொருள்களைப் பிரித்து அளக்கும் ஆய்வக முறை), ‘ஜி.எம்.பி.’ (மருந்து உற்பத்தித் தரநெறிகள்), ‘கடலூர்’ என்று நான் தட்டச்சு செய்யும்போது, அச்சொற்கள் உள்ள பக்கங்கள்தான் என் கண்ணில் படும். பெயருக்குக் கீழே உள்ள தலைப்பு வரியில் 220 எழுத்துகளுக்கு இடமிருக்க, ‘வேலை தேடும் பட்டதாரி’ என்று மட்டும் எழுதியிருப்பவரை எந்தத் தேடலும் என்னிடம் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. கல்லூரி ஆய்வகத்தில் எந்தக் கருவிகளை இயக்கினீர்கள், எந்தச் சோதனைகளைச் செய்தீர்கள் என்பதைத் தலைப்பு வரியில் எழுதுங்கள். சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளில் வேலை வேண்டுமென்றால் ஊர் என்ற இடத்தில் கடலூர் என்றே இருக்கட்டும். ‘சென்னை’ என்று போட்டால் மதிப்பு கூடும் என்று எண்ணி மாற்றிக்கொண்டவர்களை, உள்ளூர் ஆட்களை நாடும் எங்கள் தேடல் தவறவிட்டுவிடும்.

கேள்வி (லாஸ்பேட்டை, மென்பொருள் சோதனையாளர்): நெருங்கிய நண்பர்களைவிட அரைகுறையாகத் தெரிந்தவர்களால்தான் வேலை கிடைக்கும் என்று ஒரு பயிற்சி வகுப்பில் கூறினார்கள். இதற்கு ஆதாரம் உண்டா?

பதில்: உண்டு. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், பாஸ்டன் நகரை அடுத்த நியூட்டனில் புதிதாக வேலை மாறியவர்களைச் சந்தித்து, தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்டார். 1973இல் அவர் வெளியிட்ட கட்டுரையின்படி, அடிக்கடி சந்திப்பதாகச் சொன்னவர்கள் 16.7 விழுக்காட்டினர், எப்போதாவது என்றவர்கள் 55.6, அரிதாக என்றவர்கள் 27.8. காரணம் எளிது. உங்கள் நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த காலியிடம் பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்திருக்கும். எப்போதோ ஒருமுறை பார்க்கும் பழைய சக ஊழியர் வேறொரு வட்டத்தில் இருப்பதால், நீங்கள் கேள்விப்படாத செய்தி அவரிடம் இருக்கும்.

இதை லிங்க்ட்இன்னிலேயே சோதித்து 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஐந்தாண்டுகளில் 2 கோடி உறுப்பினர்களிடையே, ‘உங்களுக்குத் தெரிந்திருக்கக் கூடியவர்கள்’ என்று தளம் பரிந்துரைக்கும் பட்டியலைச் சற்று மாற்றி மாற்றிக் காட்டி விளைவைப் பார்த்தார்கள். மிக நெருங்கியவரும் அல்லர், முற்றிலும் அந்நியரும் அல்லர், ஏறத்தாழ பத்துப் பொது அறிமுகங்கள் உள்ள இடைநிலைத் தொடர்புதான் வேலை மாற்றத்திற்கு அதிகம் உதவியது. எனக்கு முக்கியமாகப் பட்டது அதன் மற்றொரு முடிவு: கணினியைச் சார்ந்த துறைகளில்தான் இத்தகைய இலேசான தொடர்புகளின் பயன் மிகுதி, கணினிச் சார்பு குறைந்த துறைகளில் நெருங்கிய தொடர்புகளே மேலோங்கின. ஆகவே மென்பொருள் சோதனையாளராகிய உங்களுக்கு இந்தத் தளம் நன்றாகவே பயன்படும். அடுத்த கேள்வியைக் கேட்டவருக்கு அப்படிச் சொல்ல முடியாது.

கேள்வி (குறிஞ்சிப்பாடி, தந்தை ஒருவர்): என் மகன் ஐ.டி.ஐ. ஃபிட்டர் படித்திருக்கிறான். செல்போனில் லிங்க்ட்இன் கணக்குத் தொடங்கச் சொல்லி அவன் நண்பர்கள் வற்புறுத்துகிறார்கள். தொடங்கலாமா அம்மா?

பதில்: தொடங்குவதால் கெடுதல் இல்லை, ஐயா, ஆனால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஃபிட்டரையோ வெல்டரையோ நான் ஒருமுறைகூட அந்தத் தளத்தில் தேடியதில்லை. ஆலை மேற்பார்வையாளரிடம் கேட்போம், ஒப்பந்ததாரரிடம் சொல்லி வைப்போம், ஐ.டி.ஐ. முதல்வரைத் தொலைபேசியில் அழைப்போம். 30 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனங்கள் தொழிற்பழகுநர்களை (அப்ரண்டிஸ்) சேர்த்தாக வேண்டும் என்று விதி இருப்பதால், தம்பிக்கு முதல் வாசல் அதுதான். மத்திய அரசின் தொழிற்பழகுநர் இணையதளத்தில் பதிவு செய்துவிட்டு, நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் பழகுநர் அறிவிப்பையும் கவனித்து வரச் சொல்லுங்கள். கடலூர் மாவட்ட வேலைவாய்ப்பு மையம் நடத்தும் தனியார் துறை முகாம்களுக்குச் சான்றிதழ் நகல்களோடு நேரில் போகட்டும். பதிவெண் வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு கடிதத்திற்குக் காத்திருந்த காலம் வேறு.

கேள்வி (வில்லியனூர், முதல் தலைமுறைப் பட்டதாரி): ‘தெரிந்தவரைக் கேளுங்கள்’ என்கிறீர்கள். என் குடும்பத்தில் யாரும் அலுவலக வேலை பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்தவர் என்று ஒருவரும் இல்லை. என்னைப் போன்றவர்கள் என்ன செய்வது?

பதில்: எனக்கு வந்தவற்றுள் மிக நேர்மையான கேள்வி இது. மாமாவும் சித்தப்பாவும் ஆலையில் இருப்பவருக்கு வேலைச் செய்தி வீட்டுத் திண்ணைக்கே வந்துவிடும். உறவாலும் ஊராலும் சாதியாலும் ஓடும் அந்தச் செய்தி உங்கள் தெருவுக்கு வருவதில்லை. லிங்க்ட்இன் அந்த அநீதியைத் தீர்த்துவிடவில்லை. ஏற்கெனவே அறிமுகம் உள்ளவர்களுக்கே அங்கும் அறிமுகம் பெருகுகிறது. ஆனால் திண்ணையில் இல்லாத ஒரு வசதி அங்கே உண்டு: எந்த ஆலையில், எந்தப் பிரிவில், யார் இருக்கிறார் என்பதை எவரும் பார்க்கலாம்.

உங்கள் கல்லூரியின் பக்கத்திற்குச் சென்று முன்னாள் மாணவர்கள் என்ற பகுதியைத் திறந்து, அதில் புதுச்சேரி, கடலூர், சென்னை என்று ஊரைக் கொடுத்துப் பாருங்கள். உங்களுக்கு மூன்று, நான்கு ஆண்டுகள் முன்னால் படித்தவர்கள்தான் உங்களுக்குரியவர்கள். பொது மேலாளருக்கு எழுத வேண்டாம், அவருக்கு நேரமும் இல்லை, உங்கள் நிலை நினைவும் இல்லை. எழுதும்போது, ‘வணக்கம் அண்ணா, நான் நம் கல்லூரியில் இவ்வாண்டு வணிகவியல் முடித்தேன். நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பதைப் பார்த்தேன். அங்கே புதிதாகச் சேர்பவர்களிடம் டேலி மட்டும் எதிர்பார்க்கிறார்களா, ஜி.எஸ்.டி. தாக்கலும் தெரிந்திருக்க வேண்டுமா? பத்து நிமிடம் பேச முடிந்தால் நன்றி உடையவனாக இருப்பேன்’ என்ற அளவில் எழுதுங்கள். வேலை கேட்டால் அவர் ‘இல்லை’ என்று சொல்லியாக வேண்டியிருக்கும், அல்லது சங்கடப்பட்டு மௌனமாகிவிடுவார். தகவல் கேட்டால் சொல்வதற்கு அவரிடம் ஏதாவது இருக்கும். பத்துப் பேருக்கு எழுதினால் இருவர் பதில் போடலாம். அந்த இருவரும் உங்கள் தெருவில் இதுவரை இல்லாதவர்கள்.

கேள்வி (நெல்லிக்குப்பம், ஆறு ஆண்டுகளுக்குப் பின் வேலைக்குத் திரும்ப விரும்பும் தாய்): குழந்தைகளுக்காக வேலையை விட்டேன். அந்த இடைவெளியை மறைத்து எழுதலாமா? ‘வேலைக்குத் தயார்’ என்ற பச்சை வளையத்தைப் படத்தில் போட்டால் மதிப்புக் குறையுமா?

பதில்: மறைக்காதீர்கள், பணிச்சான்றிதழும் வருங்கால வைப்புநிதிக் கணக்கும் தேதிகளைக் காட்டிவிடும், அதன்பின் இடைவெளியைவிடப் பொய்தான் பெரிதாகத் தெரியும். பணி இடைவெளி என்று குறிப்பிடத் தளத்திலேயே தனி இடம் உண்டு. ‘குழந்தை வளர்ப்பு, 2019–2025’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, கடைசி ஓராண்டில் புதிதாகக் கற்றதை அடுத்த வரியில் எழுதுங்கள். பச்சை வளையத்தைப் பார்த்து முகம் சுளிக்கும் மேலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கீழே பணியாற்றாமல் இருப்பது உங்களுக்கு நல்லது என்பது என் சொந்தக் கருத்து. இப்போது வேலையில் இருந்துகொண்டே தேடுபவர்கள் மட்டும், ஆளெடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும் அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தம் நிறுவனத்தினர் கண்ணில் படாது என்பதற்கு அதிலும் முழு உறுதி கிடையாது.

கேள்வி (அரியாங்குப்பம்): பணம் கட்டி லிங்க்ட்இன்னின் ‘பிரீமியம்’ சேவையை வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரு மாத இலவசச் சலுகையைப் பயன்படுத்துவதானால், முடிவதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள். இல்லையேல் பணம் தானாகப் பிடித்தமாகும்.

கேள்வி (பண்ருட்டி, 24 வயது): லிங்க்ட்இன்னில் ஒருவர் என் விவரத்தைப் பாராட்டி, தாய்லாந்தில் தரவு உள்ளீட்டு வேலை, மாதம் 80,000 ரூபாய் என்றார். நேர்காணல் இல்லை. விசாவுக்காக 45,000 ரூபாய் கேட்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள், தம்பி, ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். தாய்லாந்து என்று அழைத்துச் சென்று மியான்மரிலும் கம்போடியாவிலும் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்து வைக்கப்பட்ட இந்திய இளைஞர்களை நம் தூதரகங்கள் மீட்டு அனுப்பிய செய்திகள் எத்தனையோ வந்துவிட்டன. அவர்களுக்குச் சொல்லப்பட்டதும் இதே போன்ற தரவு உள்ளீட்டு வேலைதான். வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுக்கும் முகவர் மத்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்த அமைச்சகத்தின் இ–மைக்ரேட் இணையதளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம். பதிவு பெற்றவரும் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும் தவிர அதிகம் வாங்கக் கூடாது. உங்களிடம் கேட்கப்பட்ட தொகையே அந்த வரம்பைத் தாண்டிவிட்டது. ஏற்கெனவே யாராவது பணம் அனுப்பியிருந்தால் இணைய மோசடிப் புகார்களுக்கான 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். நேரம் கடந்தால் பணத்தை வங்கியில் தடுத்து நிறுத்தும் வாய்ப்புக் குறையும்.

கேள்வி (முத்தியால்பேட்டை): தினமும் பதிவு எழுதினால்தான் கவனம் கிடைக்கும் என்கிறார்களே?

பதில்: ‘பெருமகிழ்ச்சியுடன் அறிவிக்கிறேன்’ என்று தொடங்கும் பதிவுகளைப் படித்து நான் எவரையும் வேலைக்கு எடுத்ததில்லை. ஒரு பதிவு மட்டும் நினைவில் நிற்கிறது: கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் நுரை பொங்கிய காரணத்தைத் தாம் கண்டுபிடித்த விதத்தை ஓர் இளைஞர் படத்தோடு எழுதியிருந்தார். அன்று மாலையே அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். ஆண்டுக்கு அப்படி இரண்டு எழுத முடிந்தால் போதும்.

கேள்வி (முதலில் கேட்ட முதுநகர்த் தம்பி மீண்டும்): மேடம், நீங்கள் சொன்னபடி தலைப்பு வரியை மாற்றினேன். வில்லியனூர்க்காரருக்குச் சொன்ன விதத்தில் கல்லூரி அண்ணன் ஒருவருக்கும் எழுதினேன். அவர் பேசிவிட்டு, ‘பயோடேட்டா அனுப்பு, எங்கள் எச்.ஆரிடம் தருகிறேன்’ என்றார். இப்போது என்ன செய்ய வேண்டும்?

பதில்: இன்று இரவே அனுப்புங்கள். ஒரே பக்கம், பி.டி.எஃப். வடிவம், கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் ‘தரக்கட்டுப்பாடு’ என்ற சொல்லும் இருக்கட்டும். ‘நியூ ரெசுமே ஃபைனல் 2’ என்ற பெயரில் என் கணினியில் கிடந்த கோப்புகளுக்குக் கணக்கில்லை. பத்து நாட்கள் பொறுத்து ஒரேயொரு நினைவூட்டல். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், என்ன ஆயிற்று என்பதை அந்த அண்ணனுக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள், பெரும்பாலோர் எழுதுவதில்லை.