குழாய் பதித்தால் ஏரி நிரம்புமா?

கேள்வி: எங்கள் ஏரிக்கு மேற்கே, அதற்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலின் குறுக்காக ஆறுவழி விரைவுச்சாலை வரப்போகிறது. "கால்வாய் வரும் இடத்தில் குழாய் பதிப்போம், ஊருக்குச் சுரங்கப்பாதை உண்டு" என்கிறார்கள். கருத்துக்கேட்பில் என்ன கேட்பது? (வாசகர், ராணிப்பேட்டை மாவட்டம்)

பதில்: முதலில் அந்தக் குழாயைப் பிடித்துக்கொள்ளுங்கள். கால்வாய் 4 மீட்டர் அகலம், மழையில் 1 மீட்டர் ஆழம் ஓடுகிறது என்று வைப்போம். தண்ணீருக்கு 4 சதுர மீட்டர் வழி வேண்டும். 1 மீட்டர் விட்டக் குழாயின் வாய் 0.79 சதுர மீட்டர்தான். ஐந்து பதித்தாலும் கொஞ்சம் குறையும். ஒரு சீமைக்கருவேலக் கிளை சிக்கினால் போச்சு. ஆள் குனியாமல் நுழைந்து தூர்வாரக்கூடிய பெட்டி வடிவப் பாலமாகக் கேளுங்கள். அதன் தளம் கால்வாயின் அடிமட்டத்தோடு ஒத்திருக்க வேண்டும். அரை மீட்டர் ஏறினாலே மேல்பக்க வயலில் நீர் தேங்கும்.

ஏரிக்கு வரும் நீரெல்லாம் கால்வாய் வழியாக வருவதில்லை. பெருமழையில் மேட்டு நிலத்தின் மேல் பரந்து வழிந்து வருவதும் நிறைய. சாலைக்காக எழுப்பும் மண்கரை அதற்கு ஓர் அணை மாதிரி. இரண்டு மூன்று பெரிய திறப்புகளில் மொத்த நீரையும் திருப்பினால், மறுபக்கம் அரிப்பு, இந்தப் பக்கம் தேக்கம். கால்வாய் இல்லாத தாழ்விடங்களிலும் சிறு பாலங்கள் வேண்டும். 2021 நவம்பரில் பாலாறு பெருகியபோது உங்கள் வயலில் நீர் எந்த மட்டம் வரை நின்றது என்று படம் இருந்தால் கொண்டுபோங்கள். எந்த வெள்ளத்துக்குக் கணக்குப் போட்டார்கள் என்று கேட்க அது உதவும்.

அப்புறம் சுரங்கப்பாதை. விரைவுச்சாலையில் டிராக்டர் ஏற முடியாது, ஆகவே ஊருக்கு அதுதான் வாசல். செலவைக் குறைக்கச் சாலையை உயர்த்தாமல் பாதையைத் தோண்டுவார்கள். ஐப்பசியில் அது குளமாகிவிடும். தளம் சுற்றுநிலத்துக்குக் கீழே போகக்கூடாது என்று எழுதிக் கேளுங்கள். வைக்கோல் ஏற்றிய டிராக்டரையும் அறுவடை இயந்திரத்தையும் நீங்களே அளந்து உயரத்தைச் சொல்லுங்கள். அடுத்த பாதை வரை இணைப்புச் சாலை உண்டா என்பதையும் கேளுங்கள்.

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். சுற்றுச்சூழல் அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். நில எடுப்புக்கு ஆட்சேபம் சொல்வது வேறு கணக்கு: 1956ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி, நிலத்தை எடுக்கப்போவதாக அரசு வெளியிடும் 3ஏ பிரிவு அறிவிக்கை வெளியானதிலிருந்து 21 நாள்தான். கூட்டத்தில் பேசியாயிற்றே என்று இதை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. கிராம வரைபடத்தில் புறம்போக்குக் கால்வாய்கள் இருக்கும். பட்டா நிலங்களுக்குள் ஓடும் கிளை ஓடைகள் பெரும்பாலும் இருக்காது. வடிவமைப்பவர் வரைபடத்தைத்தான் பார்ப்பார். கூட்டத்துக்கு முன்பே ஊர்ப் பெரியவர்களோடு நடந்துபோய், அவற்றைச் சர்வே எண்ணோடு குறித்து மனுவோடு இணைத்துவிடுங்கள்.