வட்டாரச் சங்கத்தின் வேலை அறிக்கை: எதை எழுதுவது, எதை விடுவது?

கேள்வி: பென்னாகரம் வட்டாரத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். சென்ற ஆண்டு ஆசிரியர் சங்கத்தின் வட்டாரச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த மாதம் பொதுக்குழு. வேலை அறிக்கை வைக்க வேண்டும். பெரிய வெற்றி என்று எதுவும் இல்லை. மனுக்கள் கொடுத்தோம், ஆர்ப்பாட்டம் நடத்தினோம். “சந்தா வாங்கினீர்களே, என்ன செய்தீர்கள்?” என்று இளம் ஆசிரியர்கள் கேட்கிறார்கள். அறிக்கையை எப்படி எழுதுவது?

பதில்: தோழர், ‘மனுக்கள் கொடுத்தோம்’ என்று இரண்டே சொல்லில் கடந்துவிட்டீர்கள். உங்கள் அறிக்கை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இதே பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் முதல் இரண்டு அறிக்கைகளில் ஆர்ப்பாட்டத் தேதிகளும், தலைமை தாங்கியவர், வாழ்த்துரை வழங்கியவர் பெயர்களும்தான் நிறைந்திருந்தன. வாங்கியவர்கள் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் ஆண்டில் ஒரு நீளமான கோடு போட்ட நோட்டு வாங்கி மனுப் பதிவேடு தொடங்கினேன். தேதி, பள்ளி, கோரிக்கை, எந்த அலுவலகம், ஒப்புகை உண்டா, இன்றைய நிலை என ஆறு கட்டங்கள். அதில் ஒரு வரி இன்றும் நினைவிருக்கிறது. அஞ்செட்டி மலைப்பக்கத்து ஈராசிரியர் பள்ளியில் ஓர் ஆசிரியைக்குப் பத்து ஆண்டுகள் முடிந்தும் தேர்வுநிலை ஆணை, அதாவது ஊதியம் கூடும் அடுத்த நிலைக்கான ஆணை, வரவில்லை. ஓராண்டுக்கு மேல் கோப்பு நகரவே இல்லை. காரணம் கேட்டால் ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒரே பதில். அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு அலுவலகம் போனால் ஐந்து வகுப்பையும் இன்னொருவர்தான் பார்க்க வேண்டும். அதனால் சங்கத்தின் சார்பில் நாங்கள் போனோம். மூன்றாவது முறை பணிப்பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பட்டயச் சான்றிதழ் உண்மையானதுதான் என்ற உறுதிக் கடிதம் வந்திருக்கிறது, ஆனால் பதிவேட்டில் பதியவில்லை. ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கியதும் ஆணை வந்தது. நிலுவைத் தொகையும் வந்தது.

அந்த ஆண்டு அறிக்கையில் இதற்கு நான்கு வரி ஒதுக்கினேன். பொதுக்குழு முடிந்ததும் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றுகொண்டு, “என் பதிவேட்டையும் பாருங்கள் தோழர்” என்றார்கள். மறு ஆண்டின் முதல் வேலை அங்கேயே பிறந்துவிட்டது. நீங்களும் இப்படி மூன்று, நான்கு கோரிக்கைகளை எடுத்து, எங்கே சிக்கியது, எப்படி அவிழ்ந்தது என்று எழுதுங்கள். இளம் ஆசிரியர் கேட்கும் கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

தீராதவற்றையும் எழுத வேண்டும். பலரும் தயங்குவது இங்கேதான். எந்தத் தேதியில் மனு கொடுத்தோம், ஒப்புகை எண் என்ன, இப்போது யார் மேசையில் இருக்கிறது என்று எழுதிவிட்டால், அடுத்து வரும் செயலாளர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஒப்புகை இல்லாத மனுக்களுக்கு 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

மாநில அளவில் கிடைத்தவற்றை வட்டாரத்தின் சாதனையாக எழுதிக்கொள்ளாதீர்கள். ஈட்டிய விடுப்புச் சரண்டர், அதாவது எடுக்காத விடுப்பை ஒப்படைத்துப் பணம் பெறும் வசதி, 2025 அக்டோபர் 1 முதல் மீண்டும் வந்தது பல சங்கங்கள் சேர்ந்து கேட்டதால். உங்கள் வட்டாரத்திலிருந்து எத்தனை பேர் போராட்டத்துக்குப் போனார்கள், இப்போது எத்தனை பேருக்குச் சரண்டர் தொகை கைக்கு வந்திருக்கிறது என்பதுதான் நீங்கள் சொல்ல வேண்டியது.

இந்த ஆண்டு கட்டாயம் ஒரு பக்கம் ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு (டெட்) ஒதுக்குங்கள். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, அதில் தேறாமல் பணியில் இருப்பவர்களில் ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும். ஐந்துக்குக் குறைவாக உள்ளவர்கள் பணியில் தொடரலாம், ஆனால் தேர்ச்சி இன்றிப் பதவி உயர்வு இல்லை. இருபது ஆண்டு பாடம் நடத்தியவர்கள் தூக்கம் கெட்டுக் கிடக்கிறார்கள். உங்கள் உறுப்பினர்களில் யார் எந்தப் பிரிவில் வருகிறார்கள் என்று பணியில் சேர்ந்த தேதியையும் பிறந்த தேதியையும் வைத்துக் கணக்கெடுத்து எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள். பதவி உயர்வுக்கான பணிமூப்பை ஒன்றிய அளவிலிருந்து மாநில அளவுக்கு மாற்றிய, 21.12.2023 தேதியிட்ட அரசாணை 243-ஆல் பதவி உயர்வு யாருக்குத் தள்ளிப்போகிறது என்பதற்கும் அப்படி ஒரு கணக்கு இருந்தால் மாவட்டச் செயற்குழுவில் நீங்கள் பேசுவதற்கு எடை இருக்கும்.

வரவு செலவைத் தனித்தாளில் வையுங்கள். சந்தாவும் போராட்ட நிதியும் ஒரே தலைப்பில் கலக்கக் கூடாது. ரசீது அடிக்கட்டையை மேசையில் வைத்துவிடுங்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும்.

17(ஆ) குறிப்பாணை (ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பு) பெற்றவர்கள், மருத்துவ விடுப்பில் இருப்பவர்கள் ஆகியோரின் பெயர் அறிக்கையில் வரக் கூடாது. பள்ளியின் பெயர்கூட வேண்டாம். ஈராசிரியர் பள்ளி என்றால் ஊருக்கே தெரிந்துவிடும்.

எட்டுப் பக்கத்துக்குள் முடியுங்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க மலைப் பள்ளி ஆசிரியர்கள் பாதியில் எழுந்து போவார்கள். அவர்களுக்கு முந்தின வாரமே பிரதி போய்ச் சேர்ந்திருக்கட்டும். மலைக் கிராமங்களின் கோரிக்கைகளை முதல் பக்கத்திலேயே வைத்து, விவாதத்தையும் அங்கிருந்தே தொடங்குங்கள்.