மயிலைக் கை காட்டட்டும், போன் வேண்டாம்

கேள்வி: சேலத்தில் பரதநாட்டியப் பள்ளி நடத்துகிறேன். மே மாதம் ஏற்காட்டில், உறவினரின் காபித் தோட்டத்தில் ஒரு குறவஞ்சி நாட்டியம் போட இருக்கிறோம். மேடை கிடையாது, 80 பேர் தோட்டத்துக்குள் நடந்தபடியே பார்ப்பார்கள். குறத்தி மலைவளம் சொல்லும்போது போனைத் தூக்கிப் பிடித்தால், மரங்களுக்கு நடுவே மயிலும் அருவியும் தெரிய வேண்டும். மாலை 6.30க்குத் தொடங்க எண்ணம். ஏஆர் (ஆக்மென்டட் ரியாலிட்டி) வைத்து இதைச் செய்ய முடியுமா?

பதில்: முடியும். ஆனால் நேரத்தை மாற்ற வேண்டும், மயிலையும் இடம் மாற்ற வேண்டும்.

நேரத்தை முதலில் பார்ப்போம். கேமராவில் தெரியும் காட்சியோடு ஒரு கணினி உருவத்தை ஒட்டவைப்பதுதான் ஏஆர். ஒட்டுவதற்குப் பிடிமானம் வேண்டுமே! விளிம்பு, மூலை, கறை என்று கண்ணுக்குத் தனித்துத் தெரியும் புள்ளிகளைத்தான் போன் பிடித்துக்கொள்கிறது. வெளிச்சம் குறைந்தால் அந்தப் புள்ளிகள் போய்விடும். உருவம் நடுங்கும், நழுவும். மே மாதத்தில் 6.30 என்றால் பொழுது சாய்கிற நேரம். 4.30க்குத் தொடங்கி 6 மணிக்குள் முடித்துவிடுங்கள். இருட்டினால் தோட்டத்துப் பக்கம் காட்டுமாடு வரும், வந்தவர்கள் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் போக வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அடுத்தது பனிமூட்டம். ஏற்காட்டில் அது சொல்லிக்கொண்டு வருவதில்லை. தூரத்து மரங்களை நம்பி அருவியை நிறுத்தினால், மூட்டம் இறங்கியதும் அருவி அம்போதான். காற்றில் ஆடும் இலைகளும் உதவாது. அதனால் சில்வர் ஓக் அடிமரங்களில் ஏ3 அளவில் அச்சடித்த படங்களைக் கட்டிவிட்டு, அவற்றையே பிடிமானமாக வையுங்கள். முதல் தடவை அடையாளம் காண, கேமரா காட்சியில் அந்தப் படம் ஓரளவு பெரிதாகத் தெரிய வேண்டும். அதாவது ஆட்கள் பக்கத்தில் வந்து பார்க்க வேண்டும்; மூட்டத்திலும் அந்தத் தூரம் தெரியும். தாள் பளபளப்பாக இருக்கக் கூடாது. கோலத்தையே அச்சடித்து மாட்டலாமே என்று எனக்கும் முதலில் தோன்றியது. வேண்டாம். கோலத்தின் அழகே ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருவதுதான். எந்த மூலை எது என்று போன் குழம்பிவிடும். ஒழுங்கில்லாத, விவரம் நிறைந்த ஓவியமே நல்லது.

செயலி எதையும் இறக்கச் சொல்லாதீர்கள். பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். மைண்ட்ஏஆர் என்ற திறமூல மென்பொருளில் செய்தால் பிரவுசரிலேயே ஓடும், ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும். எல்லா உருவமும் சேர்ந்து 5 எம்பிக்குள் அடங்கட்டும். அப்போதும் 80 போனுக்கு 400 எம்பி. தோட்டத்துச் சிக்னலை நம்பாமல், வாசலில் வைஃபை வைத்து அங்கேயே பக்கத்தைத் திறக்க வைத்துவிடுங்கள். இரண்டு பேருக்கு ஒரு போன் போதும். போனில் சத்தம் கூடாது. ஒவ்வொன்றும் ஒரு நொடி முன்னே பின்னே கத்தினால் தாளம் என்ன ஆகும்?

இனி மயில். உங்கள் மாணவி மயூர ஹஸ்தம் (மயிலைக் காட்டும் கை முத்திரை) பிடித்ததும் மயில் வந்துவிடுகிறது. அதே நேரத்தில் போனிலும் ஒரு மயில் ஆடினால் ரசிகர் எதைப் பார்ப்பார்? கையில் பிடித்திருக்கும் திரையைத்தான். குறத்தி பாவம், யாரும் பார்க்காமல் ஆடிக்கொண்டிருப்பாள். ஆகவே ஆடும் இடங்களில் போன் பைக்குள் போகட்டும். ஒரு காட்சியிலிருந்து அடுத்த காட்சிக்கு நடக்கும் வழியில் மட்டும் ஏஆர் வரட்டும். குறத்தி சொல்லப்போகும் அருவியின் ஒரு கீற்றை வழியில் பார்த்துவிட்டு வருபவருக்கு, அவள் கை அருவியாக இறங்கும்போது கிடைப்பதே வேறு. ஆட்டத்துக்குக் காபி காயவைக்கும் சிமென்ட் களம் பொருத்தம். மதியம் தண்ணீர் ஊற்றி ஆறவிடுங்கள், வெறுங்காலில் ஆடுகிற பிள்ளைகள்.

நாட்டியக்காரரின் உடலோடே உருவம் சேர்ந்து ஆட வேண்டும் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். மீடியாபைப் போன்ற மென்பொருள் உடலில் 33 புள்ளிகளைக் கண்டுபிடிக்கும், உண்மைதான். ஆனால் முழங்காலை மடித்து நிற்கும் அரைமண்டியில் உடையின் விசிறி மடிப்பு முழங்காலை மறைத்துவிட்டால் அது ஊகிக்கத்தான் செய்யும். வேகம் கூடிய மூன்றாம் கால அடவில் அந்த ஊகம் பின்தங்குவது பார்ப்பவருக்கே தெரியும்.

இல்லை, இருட்டில்தான் நடத்துவோம் என்றால் போன் ஏஆரை விட்டுவிட்டுச் சேலத்திலேயே ஒரு ஹால் பிடியுங்கள். அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாம் 1999ல் தன் ‘பைபெட்’ நடனத்தில், மேடைக்கு முன்னால் மெல்லிய ஊடுருவு திரை கட்டி அதில் உருவங்களைப் பாய்ச்சினார். நடனக்காரர்கள் திரைக்குப் பின்னால் ஆடினார்கள். நெட் துணியும் ஒரு புரொஜெக்டரும் இருந்தால் அதன் எளிய வடிவத்தை நீங்களும் செய்யலாம். ஆடுபவர் மேல் விளக்கைப் பக்கவாட்டிலிருந்து போடுங்கள். முன்னாலிருந்து போட்டால் துணிதான் வெளுக்கும், ஆள் தெரியாது.