யாரும் தொடாத ரெசிபி ஏன் மாறியது?

(பதில் சொல்பவர்: ராணிப்பேட்டைத் தொழிற்சாலையில் கருவியியல் பிரிவிலிருந்து ஓய்வுபெற்று, காட்பாடியில் பட்டறை நடத்தும் பொறியாளர்)

வாசகர், வாலாஜாபேட்டை: தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்காக, நீரோட்ட மீட்டரின் அளவைப் படித்து அனுப்பும் சிறிய லினக்ஸ் பெட்டிகளைச் செய்கிறோம். மென்பொருளை யோக்டோவில் (சிறு கருவிகளுக்கான லினக்ஸைத் தொகுக்க உதவும் திட்டம்) கட்டுகிறோம். எதை எங்கிருந்து எடுத்து எப்படிக் கட்டுவது என்று சொல்லும் கோப்புகளே அதில் ரெசிபிகள். ஆடி மாதம் கட்டியது ஒழுங்காக ஓடுகிறது. அதே ரெசிபிகளைக் கொண்டு இப்போது கட்டினால் பெட்டிக்கு மீட்டரிலிருந்து பதிலே வருவதில்லை. எங்கள் பக்கம் ஓர் எழுத்தைக்கூட யாரும் மாற்றவில்லை. இது எப்படி, ஐயா?

பதில்: நீங்கள் மாற்றவில்லை என்பதை நம்புகிறேன். தானாக மாறும்படி எழுதி வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். நீங்கள் அனுப்பிய மாட்பஸ் (மீட்டரோடு பேசும் முறை) நூலக ரெசிபியில், மூலத்தின் எந்தப் பதிப்பை எடுப்பது என்று சொல்லும் எஸ்ஆர்சிரெவ் என்பதற்கு எதிரே ஆட்டோரெவ் என்று இருக்கிறது. அப்படி இருந்தால் யோக்டோவின் கட்டும் கருவியான பிட்பேக் ஒவ்வொரு முறையும் மூலக் களஞ்சியத்தை விசாரித்து, அந்தக் கிளையின் (நிரல் வளரும் ஒரு தடம்) நுனியில் அன்றைக்கு எந்தக் கமிட் (பதிவான மாற்றம்) இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். நேதாஜி மார்க்கெட்டில் பையை நீட்டி, "இன்றைக்கு வந்ததைப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் எங்கே என்று கேட்டால் யார் பொறுப்பு? சாலையைத் தோண்டி இணையக் கம்பியை அறுத்துவிட்ட நாளில் உங்களால் கட்டவே முடியாமல் போவதற்கும் இதே வரிதான் காரணம்.

முதலில், ஆடி மாதத்துக் கமிட் எது என்று கண்டுபிடியுங்கள். கட்டியவற்றின் விவரங்களைப் பதிந்துவைக்கும் பில்ட்ஹிஸ்டரி வகுப்பைச் சேர்த்திருந்தால் அது பதிவாகியிருக்கும். இல்லாவிட்டால் நிலையத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டிக்குள் நுழைந்து அந்தப் பொதியின் பதிப்பு எண்ணைப் பாருங்கள். உங்கள் ரெசிபி பதிப்பில், கமிட்டின் அடையாளத்தைக் காட்டும் எஸ்ஆர்சிபிவி சேர்த்திருப்பதால், கூட்டல் குறிக்குப் பின்னால் கமிட்டின் முதல் சில எழுத்துகள் நிற்கும். அதை வைத்துக் கிட் (நிரலின் மாற்றங்களைப் பதியும் கருவி) வரலாற்றில் தேடி, 40 எழுத்துள்ள முழு அடையாளத்தையும் எஸ்ஆர்சிரெவ் வரியில் எழுதிவிடுங்கள். டேக் பெயர் (கமிட்டுக்கு ஒட்டும் பெயர்ச்சீட்டு) போதாதா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். போதாது. டேக்கை வேறு கமிட்டுக்கு நகர்த்த முடியும்.

ஆட்டோரெவ்வை அறவே விலக்கச் சொல்லவில்லை. நீங்களே தினமும் எழுதும் நிரலுக்கு, உங்கள் மேசையில் அது வசதியானது. வாடிக்கையாளருக்குப் போகும் கட்டுமானத்தில் அதற்கு வேலையில்லை.

புதிய பதிப்புக்கு மாற வேண்டிய நாளை நீங்கள் தீர்மானியுங்கள். டெவ்டூல் அப்கிரேட் கட்டளை புதிய மூலத்தைக் கொண்டுவந்து, உங்கள் பேட்ச்களை (மூலத்தில் நீங்கள் செய்யும் திருத்தங்கள்) அதன்மேல் மறுபடி பொருத்திப் பார்க்கும். பொருந்தாதவற்றை உட்கார்ந்து கையால்தான் சரிசெய்ய வேண்டும். உரிமக் கோப்பின் செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) மாறியிருந்தால் கட்டுமானம் நின்றுவிடும். பல சமயம் பதிப்புரிமை ஆண்டு மட்டும் மாறியிருக்கும்; சில சமயம் உரிமமே மாறியிருக்கும். கோப்பைத் திறந்து படிக்காமல் புதிய எண்ணை ஒட்டிவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தச் சோதனை அங்கே இருப்பதே நீங்கள் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

வாசகி, குடியாத்தம்: மூலத்தை இறக்கும்போது, குறிப்பிட்ட கமிட் 'மாஸ்டர்' கிளையில் இல்லை என்று பிழை வருகிறது. களஞ்சியமோ இணையத்தில் அப்படியே இருக்கிறது.

பதில்: கிளைக்கு 'மெயின்' என்று பெயர் மாற்றியிருப்பார்கள், அம்மா. ரெசிபியில் மூலத்தின் முகவரியைச் சொல்லும் எஸ்ஆர்சி யூஆர்ஐ வரியில் கிளையின் பெயரை வெளிப்படையாக எழுதுங்கள். அதே வரியில் புரோட்டோகால் ஹெச்டிடிபிஎஸ் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். குறியாக்கம் இல்லாத பழைய கிட் வழியை, களஞ்சியங்களை வைத்திருக்கும் தளமான கிட்ஹப் 2022 மார்ச்சில் மூடிவிட்டது.

இன்னொன்று. கிட்ஹப் தானாகச் சுருக்கித் தரும் தொகுப்புக் கோப்புகளை நம்பி ரெசிபி எழுதாதீர்கள். 2023 ஜனவரியில் அங்கே சுருக்கும் முறை மாறியதால், உள்ளே இருந்த நிரல் மாறாமலே செக்சம் மாறிப் பலருடைய கட்டுமானங்கள் நின்றன. பிறகு பழைய முறைக்கே திரும்பினார்கள். இறக்கிய களஞ்சியத்தை ஒரே கோப்பாகக் கட்டிவைக்கும் மிரர் டார்பால் உருவாக்கும் அமைப்பை இயக்கி, இறக்கிய அனைத்தையும் அலுவலக வட்டில் சேர்த்து வையுங்கள். பிறகு வலைத்தொடர்பைத் துண்டித்துவிட்டு ஒருமுறை கட்டிப் பாருங்கள்.

வாசகர், ஆற்காடு: பெட்டி ஓடுகிறது, பிறகு எதற்கு ரெசிபிகளைப் புதுப்பிக்கச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டும் என்று கேட்கிறார் எங்கள் முதலாளி.

பதில்: நீங்கள் யோக்டோவின் எந்த வெளியீட்டில் இருக்கிறீர்கள் என்பதை முதலில் அவரிடம் சொன்னீர்களா? 2020 ஏப்ரலில் வந்த டன்ஃபெலுக்கு 2024 ஏப்ரலோடு ஆதரவு முடிந்துவிட்டது. 2024 ஏப்ரலில் வந்த ஸ்கார்த்காப்புக்கு 2028 ஏப்ரல் வரை உண்டு. சிவிஇ (வெளியே தெரிந்த பாதுகாப்பு ஓட்டைகளின் பட்டியல்) சோதனையை இயக்கி ஒருமுறை கட்டி, வரும் பட்டியலை அச்செடுத்து அவர் மேசையில் வையுங்கள். பெட்டி இணையத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மீதியை அவரே கேட்பார்.